எங்கே நின்று வருகிறாய்

சாந்தமேரி அக்கா பழிவாங்குவதற்காகத் தமிழ் படிக்க வந்தவர். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முதல் சனிக்கிழமை வகுப்பில், ஏன் இங்கே வந்தீர்கள் என்று முகுந்தன் சார் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார். தமிழ்ப்பற்று, பழைய இலக்கியத்தின்மேல் ஆசை, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொன்று சொன்னோம். அக்காவின் முறை வந்தது.

“ஒருத்தர் என்னை ஒரு வார்த்தையால அடிச்சாரு சார். அந்த வார்த்தை என்னன்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு, அவருகிட்டயே திருப்பிக் குடுக்கணும்.”

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சரி ஆரம்பிக்கலாம் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. கிள்ளான் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, சூப்பர்வைசர் வரை உயர்ந்து, கம்பெனி வியட்நாமுக்குப் போனபோது வெளியே வந்தவர்.

வகுப்பு பிரிக்பீல்ட்சில் ஒரு பூக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது. படித்தது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய தமிழ்ப் பிரசங்கங்களை. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் வெளிநாட்டுப் பாதிரிமாரும் அவர்களுடைய உபதேசியார்களும் சேர்ந்து எழுதி, வெயிலில் கூடிய கூட்டத்துக்கு முன்னால் தொண்டை கிழியச் சொன்னவை. நான் சிவன் கோயில் வீட்டுப் பெண். பிரசங்கம் என்றால் மைக் வைத்துத் திட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் பக்கத்தைச் சார் சத்தமாகச் சொன்னதும் கையில் முடி எழுந்து நின்றது. இப்படி ஒரு தமிழ் இருந்ததை எங்களுக்கு ஏன் யாருமே சொல்லவில்லை?

“உக்காந்து படிக்காதீங்க,” என்பார் சார். “எந்திரிங்க. சத்தமா சொல்லுங்க. இது கண்ணுக்கு எழுதினதில்ல, காதுக்கு எழுதினது. கையி காலு எல்லாத்துக்கும் இதுல வேலை இருக்கு.”

நாலாவது வகுப்போ ஐந்தாவதோ, வானத்தைப் பற்றிய ஒரு பிரசங்கம். ‘மேகத்தில் நின்று மழை வருகிறது, மலையில் நின்று ஆறு வருகிறது’ என்று ஒரு வரி. நவீன் என்கிற பையன், “மழை எப்படி சார் மேகத்துல நிக்கும்?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தான்.

“நிக்கிறது இல்லப்பா. பழைய தமிழ்ல ‘நின்று’ன்னா ‘இருந்து’ன்னு அர்த்தம். மேகத்திலிருந்து மழை. அவ்வளவுதான்.”

சாந்தமேரி அக்கா கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

“சார், ‘நீ எங்கே நின்று வருகிறாய்’னு இருந்தா?”

“நீ எங்கேயிருந்து வருகிறாய்.”

“நின்னுட்டு வர்றேன்னு இல்லையா?”

“இல்லக்கா. நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சும்மா… எந்த ஊருன்னு கேக்கற மாதிரிதானா?”

“ஆமா லா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கீழே இறங்கி ரெண்டு பேரும் தோசை சாப்பிடப் போனோம். அங்கேதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், கெட்டுப்போன சர்க்யூட் போர்டில் எங்கே பிழை என்று விளக்குகிற மாதிரி சொன்னார். நான் தோசையைத் தொடவே இல்லை.

ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட். அப்பா லூர்து லோரி டிரைவர். எண்பத்தொன்பதாம் வருஷம் அக்காவுக்குப் பத்தொன்பது வயது. பேக்டரியில் இரவு ஷிப்ட். சாயங்காலம் சிம்பாங்கில், அதாவது எஸ்டேட் பாதை பெரிய ரோட்டில் சேரும் முனையில், கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார். விடிந்த பிறகு அதே இடத்தில் வந்து இறங்குவார். எஸ்டேட்டில் பஸ் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் அவர்தான். பாந்திங்கைச் சேர்ந்த சிரில் என்பவரோடு நிச்சயமும் ஆகியிருந்தது.

எஸ்டேட் செபக்கூடத்துக்குப் பாதிரியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் திருச்செல்வம் செபம் சொல்லிப் பிரசங்கம் வைப்பார். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கும் பிரசங்கம் அது. மரிய மதலேனாள் திருநாள் ஞாயிற்றுக்கிழமை, சிரில் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு அன்றைக்கு ஷிப்ட் முடிந்து பஸ் தாமதம். வீட்டுக்குப் போய் உடை மாற்ற நேரமில்லை. பேக்டரி நீலச் சட்டையோடு ஓடி வந்து, உள்ளே இடமில்லாமல் வாசலிலேயே நின்றார்.

உபதேசியார் பிரசங்கத்தில் அப்போதுதான் மதலேனாள் வரும் இடத்துக்கு வந்திருந்தார். ஊரார் இகழ்ந்த பெண், தைலக் கலசத்தோடு, சேசுநாதர் விருந்துக்கு வந்திருக்கிற வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். பந்தியில் இருந்தவர்கள் தலை திருப்புகிறார்கள். உபதேசியார் நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். கையை நீட்டினார்.

“நீ எங்கே நின்று வருகிறாய்?”

செபக்கூடமே திரும்பிப் பார்த்தது.

“நான் சிம்பாங்ல நிக்கிறது எல்லாருக்கும் தெரியும் அர்ச்சனா. எங்க நின்னுட்டு வர்றேன்னு கேட்டா என்ன அர்த்தம்? ரோட்டுல நிக்கிறவள்னு அர்த்தம். அவரு ஒண்ணுமே விளக்கல. கேட்டுட்டு, சும்மா இருந்தாரு. எல்லாரும் நல்லாப் பாத்து முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தாரு.”

அடுத்த வாரம் சிரிலின் அம்மா ஆள் விட்டு நிச்சயத்தை முறித்தார். எஸ்டேட்டில் அக்காவுக்கு ‘நின்னுட்டு வந்தவ’ என்று பேர் விழுந்தது. வேலையை விடு என்றார் அப்பா. விடமாட்டேன் என்று கிள்ளானில் அறை எடுத்துத் தங்கப் போனார் அக்கா. அதற்கப்புறம் அப்பா அவரோடு பேசவே இல்லை. சாகும்வரை. சாவுக்குப் போனபோதும் உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்ததால் செபக்கூடத்துக்குள் போகாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

“அந்தாளுக்கு என்மேல கோபம்கூட கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கல. வாசல்ல ஒருத்தி நின்னா, பிரசங்கத்துக்கு வசதியா இருந்துச்சு. அவ்வளவுதான்.” அக்கா என் தட்டைக் காட்டினார். “தோசை ஆறுது பாரு. சாப்பிடு.”

திருச்செல்வம் இப்போது பெரிய ஆள். எழுபது தாண்டிவிட்டது. ‘நற்செய்தி நாவரசு’ என்று பட்டம். செராசிலும் செமினியிலும் தியானக் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுகிறார்கள், யூடியூபில் தனி சேனல் இருக்கிறது. அதில் எல்லாரும் பார்ப்பது மதலேனாள் பிரசங்கம்தான். வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வருஷங்களில் அதையே வைத்திருக்கிறார். அக்கா எல்லாவற்றையும் எனக்குப் போட்டுக் காட்டினார்.

“இங்க பாரு. இந்த இடத்துல கண்ணு எங்க போவுதுன்னு பாரு.”

கண் வாசலுக்குப் போனது. ஒவ்வொரு வீடியோவிலும். வாசலில் நிற்கிற பெண் ஒருத்தியைத் தேடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவள், சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பவள், லேட்டாக வந்தவள், யாராவது. கிடைத்ததும் நிறுத்தம். கை. கேள்வி. கூட்டம் திரும்பும். கேமராவும் திரும்பும். ஒரு வீடியோவில் அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வதுகூடத் தெரிகிறது. நான் கோபத்தில் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

“திற,” என்றார் அக்கா. “இன்னும் நாலு இருக்கு.”

அந்தப் பிரசங்கத்தின் மூலப் பிரதி எங்கள் பாடத்திலேயே இருந்தது. எஸ்டேட் உபதேசியார்கள் பழைய பிரசங்கப் புத்தகங்களின் மறுபதிப்புகளை வைத்து மனப்பாடம் செய்வது அந்தக் காலத்து வழக்கம் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். அக்காவே அந்தப் பிரசங்கத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ‘நின்று’ என்றால் ‘இருந்து’ என்ற வரை சரி. ஆனால் கேள்வி இன்னும் வாசலில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்துத்தானே? காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, அந்தக் கேள்வியோடு பக்கம் முடிந்திருந்தது, அடுத்த பக்கத்துக்கு நாங்கள் இன்னும் போகவில்லை. அக்காவுக்கு அது போதவில்லை.

“அர்த்தம் தெரியாம கேட்டுட்டேன்னு சொல்லித் தப்பிச்சிருவாரு லா. மன்னிப்புகூட கேப்பாரு. அழகா கேப்பாரு, கூட்டமே அழுவும். எனக்கு மன்னிப்பு வேணாம்.”

விடை அக்கா எழுந்து நின்று சொல்லிப் பார்த்த அன்றைக்குத்தான் கிடைத்தது.

அச்சுப் பிரதியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் பிரசங்கிக்குக் குறிப்புகள் உண்டு. ‘கை உயர்த்துக’, ‘மெல்லச் சொல்லுக’, ‘மார்பில் அடிக்க’ என்று. நாங்கள் அவற்றைப் பார்த்து ரசித்ததோடு சரி, செய்து பார்த்ததில்லை. அக்கா மட்டும் பேக்டரிப் பழக்கம், எழுதியிருப்பதை எழுதியபடி செய்வார். கேள்விக்கு முந்தைய வரியின் ஓரத்தில் ‘பீடத்துக்குத் திரும்புக’ என்று இருந்தது. அக்கா திரும்பினார். எங்களுக்கு முதுகு. அவருக்கு முன்னால் வெள்ளைப் பலகை மட்டும். அங்கேதான் பீடமும் சிலுவையும் என்று நாங்கள் வைத்திருந்தோம்.

“நீ எங்கே…”

நின்றுவிட்டார்.

“சார். இந்தப் பக்கம் யாருமே இல்லையே. சேசுநாதர் மட்டும்தான இருக்காரு.”

முகுந்தன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“மதலேனாள் உங்க பக்கம் இருக்கா, எனக்குப் பின்னால. அவளைக் கேக்கணும்னா நான் ஏன் இந்தப் பக்கம் திரும்பணும்?”

பக்கத்தைத் திருப்பி அடுத்த வரியைப் படியுங்கள் என்று சார் கத்தினார். நிஜமாகவே கத்தினார். அக்கா பலகையைப் பார்த்தபடியே படித்தார்.

“‘நீ எங்கே நின்று வருகிறாய்? உன் நாவு சொல்லும் வேதம் உன் நெஞ்சில் நின்று வருகிறதோ, வாயில் நின்று மாத்திரம் வருகிறதோ?’”

வேதம் சொல்கிற நாவு மதலேனாளுக்கு ஏது? அது பிரசங்கியின் நாவு. சிலுவையில் இருப்பவர் பிரசங்கியைப் பார்த்துக் கேட்கிற கேள்வி அது. எல்லாருக்கும் முன்னால் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளத்தான் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அது தெரியாமல், அல்லது தெரிந்தே, திருச்செல்வம் திரும்பவில்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார். அடுத்த வரியை விட்டுவிட்டார். நாங்கள் எல்லாரும் கைத்தட்டினோம், நான் அழுதே விட்டேன். அக்கா மட்டும் பலகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். திரும்பியபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதற்கு முன்னால் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அவரைக் கூப்பிடுவோம் சார்,” என்றார்.

வருஷக் கடைசியில் வகுப்பு சார்பாக ஒரு நிகழ்ச்சி. பழைய பிரசங்கங்களை மேடையில் சொல்லிக் காட்டுவது. அதற்குத் தலைமை தாங்கத் திருச்செல்வத்தை அழைக்கலாம் என்பது அக்காவின் யோசனை. முகுந்தன் சார் ரொம்ப நேரம் யோசித்தார்.

“அக்கா, இது ஆராய்ச்சியா, சண்டையா?”

“ரெண்டும் லா சார்.”

“அவருக்கு அவமானமா போயிருமே.”

“நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டேன். அச்சுல இருக்கறது மட்டும். ஓரத்துல என்ன இருக்கோ அது மட்டும். அது அவமானம்னா, முந்நூறு வருசமா அவருக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கு.”

சார் ஒப்புக்கொண்டார். திருச்செல்வமும் உடனே ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. மதலேனாள் பிரசங்கத்தைத் தன் பாணியில் முதலில் தானே சொல்லிக் காட்ட வேண்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும். போனில் அதைக் கேட்டதும் அக்கா, “தாராளமா, அங்கிள்,” என்றார். அவ்வளவு இனிமையாக.

மேடை அமைப்பை அக்காவே வரைந்தார். தலைவரை முன்வரிசையில் உட்கார வைக்கலாம் என்றார்கள் சங்க மண்டபத்துக்காரர்கள். கூடாது என்றார் அக்கா. மேடையில், நடுவில், பின்னால், உயரமான நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், அதுதான் மரியாதை. எனக்கு மட்டும் அந்தப் படம் புரிந்தது. மைக் முன்னால். பிரசங்கி திரும்பினால் பீடம் இருக்க வேண்டிய இடத்தில், நாற்காலி.

நிகழ்ச்சி அன்று திருச்செல்வம் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சர்க்கரை வியாதியில் காலில் கட்டு. கை நடுங்கியது. அக்காவைப் பார்த்துக் கும்பிட்டு, “கடவுள் ஆசீர்வதிப்பாரும்மா, தமிழை வாழ வைக்கிறீங்க,” என்றார். அடையாளம் தெரியவில்லை அவருக்கு. எனக்கு மனசு இளகிவிட்டது.

“பாவம் அக்கா அவரு,” என்றேன் பக்கத்தில் போய்.

“ஆமா, பாவம்தான்,” என்றார் அக்கா. “அதைத்தான் சொல்லப் போறேன்.”

உண்மையைச் சொல்ல வேண்டும். மைக்கைத் தொட்டதும் அவர் கை நடுக்கம் நின்றது. எப்படிப்பட்ட குரல்! மதலேனாளின் கூந்தல், கலசம், அவள் தெருவில் நடந்து வரும்போது மூடிக்கொண்ட கதவுகளின் சத்தம், எல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அவரைத் திட்டுவதற்கென்றே போன நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். “வாசலண்டை வந்து நின்றாள்! பந்தியில் இருந்தவர்கள் தலை திருப்பினார்கள்!” என்றார். அவர் கண் கூட்டத்தைத் தாண்டிப் போனது.

பெர்னிஸ் அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். எங்கள் வகுப்பிலேயே சின்னவள், கிள்ளானில் நர்ஸ். டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடு நேராக வந்து, நாற்காலி கிடைக்காமல் கதவோரம் நின்றாள்.

கை நீண்டது.

“நீ… எங்கே… நின்று… வருகிறாய்?”

முந்நூறு தலைகள் திரும்பின. பெர்னிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். ஏதோ கறை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு கழுத்துவரை சிவந்துபோனாள். அவர் அந்த மௌனத்தை விடவில்லை. பிடித்து வைத்திருந்தார். பிறகு கைத்தட்டல், விசில், பொன்னாடை. அவர் பின்னால் போய் உயர நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் அக்காவைத் தேடினேன். அவர் திருச்செல்வத்தைப் பார்க்கவே இல்லை. பெர்னிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

“அடுத்து, அதே பிரசங்கம், பழைய அச்சில் இருக்கிறபடி, ஓரக் குறிப்புகளோடு,” என்று முகுந்தன் சார் அறிவித்தார். சாந்தமேரி அக்கா மைக்குக்கு வந்தார். அவர் குரலில் அலங்காரம் இல்லை. தட்டையான, பேக்டரிச் சத்தத்துக்கு மேலே எழும்பிப் பழகிய குரல். கூட்டத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள்.

“‘வாசலண்டை வந்து நின்றாள். பந்தியிலிருந்தவர்கள் தலை திருப்பினார்கள். ஊரார் பார்த்த பார்வை கல்லாயிருந்தது. அவர் பார்த்த பார்வை தண்ணீராயிருந்தது.’ இங்க ஓரத்துல எழுதியிருக்கு, பீடத்துக்குத் திரும்புக.”

மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினார்.

அவைக்கு முதுகு காட்டுவதா என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். அக்காவுக்கு நேர் எதிரில், பொன்னாடையோடு, கால்மேல் கை வைத்து, திருச்செல்வம்.

“‘நீ எங்கே நின்று வருகிறாய்?’”

அவர் புன்னகைத்தார், தன் வரிதானே என்று. அக்கா சும்மா இருந்தார். அந்த மௌனத்தை அவரிடமிருந்துதான் கற்றிருந்தார், ஆனால் அவரைவிட நீளமாகப் பிடித்தார். போன்கள் கீழே இறங்கின. புன்னகை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

“‘உன் நாவு சொல்லும் வேதம் உன் நெஞ்சில் நின்று வருகிறதோ, வாயில் நின்று மாத்திரம் வருகிறதோ? இவள் கண்ணீரோடு வந்தாள். நீ எதைக் கொண்டு வந்தாய், பிரசங்கியே?’”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அடேயப்பா!” என்றது. இப்போதுதான் கேட்ட பிரசங்கம் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்று கூட்டத்துக்குப் புரிய ஆரம்பித்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருச்செல்வத்தின் விரல்கள் பொன்னாடையின் ஓரத்தைத் தேடின.

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“நின்றுன்னா பழைய தமிழ்ல இருந்துன்னு அர்த்தம். எங்கேயிருந்து வர்றே, அவ்வளவுதான். இந்தப் பிரசங்கத்துல வாசல்ல நிக்கிற பொம்பளையை யாரும் ஒண்ணும் கேக்கல. கேள்வி பிரசங்கம் வைக்கிறவருக்கு.” பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். “பெர்னிஸ், முன்னாடி வந்து என் சீட்டுல உக்காரும்மா.”

பெர்னிஸ் நடந்து வந்தாள். மண்டபம் முழுக்கப் பார்த்தது. இந்தத் தடவை அவள் குனியவில்லை.

தலைமையுரை பாக்கி இருந்தது. திருச்செல்வத்திடம் மைக்கை நீட்டினார்கள். அவர் எத்தனை மேடை பார்த்தவர். சமாளித்துவிடலாம் என்று நினைத்திருப்பார்.

“ரொம்ப நல்லா படிச்சீங்கம்மா. எனக்கே பாடம் நடத்திட்டீங்க.” கூட்டத்தில் கொஞ்சம் சிரிப்பு. அவருக்குத் தைரியம் வந்தது. “எந்த ஊரும்மா நீங்க? எங்கேர்ந்து வர்றீங்க?”

அக்கா இன்னும் தன் மைக்கை வைத்திருந்தார்.

“எங்கே நின்று வருகிறேன்னு கேளுங்க அங்கிள். அப்படித்தான கேப்பீங்க?”

அவர் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

“ஜெஞ்சாரோம் சிம்பாங்ல நின்னுட்டு வர்றேன். பேக்டரி பஸ்ஸுக்கு நின்னுட்டு வர்றேன். நீலச் சட்டை. மதலேனாள் திருநாளு. பஸ் லேட்டு, உள்ள இடமில்ல, வாசல்ல நின்னேன்.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மேலே வந்தது.

“லூர்து… லோரி லூர்து மகளா?”

“ஆமா அங்கிள். நின்னுட்டு வந்தவ.”

“அது… அது பிரசங்கம்மா. பிரசங்கத்துல வர்றது. உன்னைன்னு நெனச்சுச் சொல்லலம்மா.”

“நானும் பிரசங்கத்துல வர்றததான் அங்கிள் சொன்னேன். உங்களைன்னு நெனச்சுக்காதீங்க.”

மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டுக் கீழே இறங்கினார். கைத்தட்டல் இல்லை. ஒருவரும் தட்டவில்லை. அந்த அமைதியில் பெரியவர் மறுபடியும் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார், கை நடுங்கி அது பல்லில் இடித்து டொக்கென்று சத்தம் வந்தது. வாழ்க்கை முழுக்க மௌனத்தைத் தனக்கு வேண்டியபோது எடுத்து வேண்டியபோது விட்டவர், இதை முடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மருமகள் மேடைக்கு வந்து அவரை எழுப்பினாள். அவர் வெளியே போக அந்தக் கதவைத்தான் தாண்ட வேண்டும். எல்லாத் தலைகளும் திரும்பின.

நிகழ்ச்சி முடிந்து நாங்கள் தே தாரிக் குடிக்கப் போனோம். முகுந்தன் சார் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். கேட்டால் தப்பாகிவிடுமோ என்று பயந்த மாதிரி மெல்லக் கேட்டார்.

“இப்ப மனசு ஆறுச்சா அக்கா?”

அக்கா டீயை ஊதினார்.

“ஆறல சார். ஆறிட்டா என்ன ருசி இருக்கு?” ஒரு மிடறு குடித்தார். “எங்கப்பா அந்த செபக்கூடத்துக் கதவுக்கு உள்ளாறதான் இருந்தாரு அன்னைக்கு. அவரு இன்னைக்கு இல்லையே. அதுக்கு நான் யார்கிட்டப் போயி வாங்கறது?”

பெர்னிஸ் மேசைக்கடியில் அக்காவின் கையைப் பிடித்திருந்தாள்.

“சேனல்ல மொத்தம் எத்தனை பிரசங்கம் இருக்கு தெரியுமா?” என்றார் அக்கா. குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது. “அடுத்து ஊதாரிப் பிள்ளை. அதுலயும் நடுவுல எதையோ முழுங்கறாரு சார். எனக்குச் சந்தேகம் இருக்கு.”

“அக்கா!” என்றார் சார்.

“என்ன அக்கா? நீங்கதான சார் சொன்னீங்க, ஆராய்ச்சின்னா நிறுத்தக் கூடாதுன்னு.”

மதலேனாள் வீடியோக்கள் அந்த வாரமே சேனலிலிருந்து காணாமல் போயின. அக்காவிடம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நிகழ்ச்சி நடந்த அன்று நானும் கிள்ளானில் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கேஎல் சென்ட்ரலில் ஒன்றாக ரயில் ஏறினோம். பெட்டி காலியாக இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து சீட்டைத் தட்டினேன்.

“உக்காருங்க அக்கா. காலையிலேர்ந்து நிக்கிறீங்க.”

அவர் கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வந்தவர்களை ஒவ்வொருவராக நேருக்கு நேர் பார்த்தார்.

“நீ உக்காரு,” என்றார். “நான் நின்னுதான் போவேன்.”

கிள்ளான் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.